ஒரே தண்டவாளம், மூணு டிக்கெட்டு

திருப்பூர்ல இருந்து ஈரோடு சுமார் 50 கிலோமீட்டர்தானுங்க. தண்டவாளம் ஒண்ணுதான், டிக்கெட்டு மட்டும் மூணு விதம். பாசஞ்சருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், எக்ஸ்பிரஸுக்கு 30, சூப்பர்பாஸ்ட்டுன்னா அதுக்கு மேல 15. வண்டி எண் 12, 20, 22ன்னு ஆரம்பிச்சா சூப்பர்பாஸ்ட். பனியன் கம்பெனிக்கு வந்து போற சனத்துல எத்தனை பேருக்கு இது தெரியும்?

கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சருக்கு ‘ஸ்பெஷல்’னு பேர் வெச்சு, அந்த 10 ரூபாயை 30 ஆக்கினாங்க. 2024 பிப்ரவரியிலதான் பழைய கட்டணம் திரும்ப வந்துச்சு.

பஸ்ஸுலயும் கட்டண வித்தியாசம் உண்டு. ஆனா ஏறின பிறகு, அந்த வண்டிக்கு உண்டான சீட்டைத்தான் கண்டக்டர் குடுப்பார். ரயிலுக்கு முன்னாடியே வாங்கணும். பாசஞ்சர் சீட்டோட சூப்பர்பாஸ்ட்ல ஏறிட்டா, வித்தியாசத் தொகை போக அபராதமே குறைஞ்சது 250 ரூபாய். நூறு நாள் வேலைக் கூலியில முக்காவாசி அதுலயே போயிரும்.

வேகத்துக்குக் காசு கேட்கறது ஞாயம்தான். எந்தச் சீட்டு எந்த வண்டிக்குச் செல்லும்னு சொல்றதும் ரயில்வேயோட பொறுப்புதானுங்களே? ஒலிபெருக்கியில “அதிவிரைவு வண்டி”ன்னு அறிவிக்கறப்பவே, “பாசஞ்சர் டிக்கெட் செல்லாது”ன்னு தமிழ்லயும் இந்தியிலயும் ஒரு வரி சேர்த்துச் சொல்லட்டும். அதுக்குப் பிறகு அபராதம் போடட்டும்.