காளான் பொடியும் கண்கட்டு வித்தையும்

“சர்க்கரையை வேரறுக்கும் காளான்! மாத்திரையிலிருந்து விடுதலை!” இப்படியொரு விளம்பரம் கைப்பேசி வழியே மணிமுத்தாற்றுத் தொழிலாளியின் குடிசைக்குள்ளும் நுழைகிறது. புட்டி அழகு, பேச்சு அதைவிட அழகு. விலையோ பாட்டாளியின் பல நாள் கூலி!

புட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் சீனர் லிங்சி என்றும் ஜப்பானியர் ரெய்ஷி என்றும் அழைக்கும் காளான். பன்னெடுங்காலப் புகழ் உண்டு என்கிறார்கள். இருக்கட்டும், பேயோட்டுவதற்குந்தான் பழமை உண்டு! நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்களா என்பதே நம் கேள்வி. பார்த்தார்கள், தோழர்களே! 398 பேரிடம் நடந்த ஐந்து ஆய்வுகளை 2015-இல் காக்ரேன் அமைப்பு சீர்தூக்கியது. நீரிழிவுக்காரரின் சர்க்கரையையோ கொழுப்பையோ அது குறைக்கும் என்பதற்குச் சான்றில்லை என்றது. எலிகளிடம் குறைந்ததுண்டு. எலிக்குக் குறைந்ததை ஏழைக்குக் குறைந்ததாகச் சொல்லி விற்பது எந்த ஊர் நியாயம்?

காசு போனால் உழைத்து ஈட்டலாம். பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தியவனின் சிறுநீரகம் போனால்? கண் போனால்? காலை வெட்ட நேர்ந்தால்? 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேர். பொடிக்காரனுக்கு எத்தனை பெரிய சந்தை!

இந்த ஏய்ப்பைத் தடுக்கவே 1954-இல் மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிராக நாடாளுமன்றம் சட்டம் செய்தது. நீரிழிவு, உடற்பருமன், இரத்த அழுத்தம் மூன்றும் அதன் பட்டியலில் உண்டு. தீர்ப்பேன் என்று விளம்பரம் செய்வதே குற்றம். எழுபது ஆண்டு கடந்தும் சட்டம் ஏட்டில், பொடி வீட்டில்!

காளான் இனத்தை நாம் இகழவில்லை. அகிரா எண்டோ என்ற ஜப்பானிய உழவர் வீட்டுப் பிள்ளை, ஆயிரக்கணக்கான பூசண வகைகளைச் சோதித்து, 1973-இல் அரிசியில் படர்ந்த பூசணத்தில் கொழுப்பைக் குறைக்கும் பொருளைக் கண்டார். அந்த வகையைச் சேர்ந்த லோவாஸ்டாட்டின், மருந்தென்று அமெரிக்காவில் ஏற்கப்பட்டது 1987-இல். இடையே 14 ஆண்டுகள்! விலங்கில் பார்த்து, மனிதரில் பார்த்து, அளவு கண்டு, தீமை உண்டா என்று துருவி, அதன் பிறகே மருந்து என்றார்கள். நம் ஊர்ச் சிப்பிக் காளானிலும் அப்பொருள் சிறிது உண்டு. ஆனால் எந்தக் காளானில் எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாதபோது அது மருந்தாகாது, நல்ல கறி.

கறியாகவே உண்ணுங்கள். மாவுச்சத்து குறைவு, நார்ச்சத்து உண்டு. மழைக்குப் பின் காட்டில் முளைத்ததைத் தெரியாமல் பறிக்க வேண்டாம். நஞ்சும் அதே அழகில்தான் முளைக்கும். புற்றுக் காளான் கறையானோடு கூடி வாழ்வது, கொட்டகைக்கு வராது. சிப்பிக்கு வைக்கோல் போதும். 1958-இல் முடிந்த மணிமுத்தாறு அணையின் பாசனத்தில் நெல்லுக்கும் வைக்கோலுக்கும் என்ன குறை? பால் காளானில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ரகமே வெளியிட்டிருக்கிறது.

மாத்திரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், அதை விடாதீர்.

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயே நெல்லை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நம் காளான்களை நம் நோயாளிகளிடம் முறைப்படி சோதிக்கட்டும். அரசு பணம் ஒதுக்கட்டும். முடிவைத் தமிழில் அச்சிட்டுச் சுகாதார நிலையச் சுவர்தோறும் ஒட்டட்டும், “பயனில்லை” என்று வந்தாலும்.