சொட்டுகிற சுவர் நல்ல சுவர்

ஐப்பசி பிறந்துவிட்டால் நிலக்கோட்டைக்காரர்கள் காலையில் எழுந்ததும் மேற்கே பார்ப்பார்கள். கொடைக்கானல் மலை மேகத்தில் மூழ்கிக் கிடந்தால், டீக்கடையில் முதல் கேள்வியே “மலை ரோடு திறந்திருக்கா?” என்பதுதான். கேரட்டும் பூண்டும் இறங்குவது அதில்தான். மேல்மலைக் கிராமத்து நோயாளி பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவதும் அதில்தான்.

“பழனி ரோடு இருக்கிறதே?” என்பீர்கள். இருக்கிறது. பெரியகுளம் பக்கமிருந்து அடுக்கம் ரோடும் இருக்கிறது. ஆனால் வத்தலக்குண்டு ரோடு உட்பட மூன்றும் பெருமாள்மலையில் சேர்ந்துவிடுகின்றன. அதற்கு மேலே எல்லோருக்கும் ஒரே சாலைதான். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கடந்தபோது மரமும் மண்ணும் விழுந்து போக்குவரத்து நின்றதே, நினைவிருக்கிறதா?

சாலை சரிவதற்குக் கனத்த லாரிதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள பாறைமேல் தேங்குகிறது. மண் கனத்து, பிடிப்பும் தளர்கிறது. மலைப்பக்க வாய்க்காலைக் குப்பையோ கடைக்காரர் போட்ட பலகையோ அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

சாலை முன்கூட்டியே சொல்லத்தான் செய்கிறது. பள்ளத்துப் பக்கத் தாரில் பிறை வடிவில் விரிசல் விழும். தடுப்புச்சுவர் வயிறு தள்ளும். மரங்கள் ஒரே பக்கம் சாயும். அந்த விரிசலில் தாரை ஊற்றி மூடிவிடுவதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். தண்ணீர் உள்ளே போகாமலிருக்க அடைக்க வேண்டியதுதான். ஆனால் அதோடு வேலை முடிந்ததென்று போய்விடுவதா? இரு பக்கமும் பெயின்ட் புள்ளி வைத்து வாரம் ஒருமுறை டேப்பால் அளந்தால், மண் நகர்கிறதா என்று தெரிந்துவிடும். நகர்ந்தால் துளை போட்டு, பாறை எத்தனை ஆழத்தில், தண்ணீர் எந்த மட்டத்தில் என்று பார்க்க வேண்டும். உள்ளே குழாய் இறக்கி, அது எந்த ஆழத்தில் வளைகிறது என்று அளந்தால், சரிவு நடக்கும் இடம் பிடிபடும்.

அது தெரியாமல் சுவர் கட்டினால், சுவரும் சேர்ந்து இறங்கும்.

2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் பலியான நீலகிரியில், நெடுஞ்சாலைத் துறை இப்போது வேறு முறையையும் கையாள்கிறது. சரிவில் ஆழத் துளையிட்டு, இரும்புக் கம்பி செருகி, சுற்றிலும் சிமென்ட் பால் ஊற்றுகிறார்கள். மேலே கம்பி வலை. அதன்மேல் புல் விதை கலந்த கரைசலைப் பீய்ச்சுகிறார்கள். புல் மேல்மண்ணைத்தான் பிடிக்கும். ஆழத்தைப் பிடிப்பது கம்பி. இதற்கும் முதலில் தண்ணீர் வெளியேற வழி வேண்டும்.

அடுத்த முறை டம்டம் பாறை தாண்டும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். தடுப்புச்சுவர்களில் வரிசையாகத் துளைகள் தெரியும். பெருமழைக்கு மறுநாள் அவற்றில் தண்ணீர் சொட்டினால் நிம்மதி. பின்னாலிருக்கும் மண் ஊறிக் கிடக்க, துளை மட்டும் காய்ந்திருந்தால், அது அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஊருக்கு வந்ததும் நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு போன் போடுங்கள்.