யூரியா கொட்டறது அறியாமை இல்லீங்க, விலைக்கணக்கு

'விவசாயிகள் யூரியாவைக் கொட்டி மண்ணைக் கெடுக்கிறார்கள்' என்று சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நண்பர்கள் அடிக்கடி சொல்கிறீர்கள். கொட்டறவங்க இருக்காங்க, இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா ஏன் கொட்டறாங்கன்னு கேக்காம, 'விழிப்புணர்வு இல்லை'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறீங்களே, அதுதான் எனக்குப் பொறுக்கறதில்லை.

உரக்கடைக்கு வந்து விலையைப் பாருங்க. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய். பொட்டாஷ் 1,500-க்கு மேல. 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது, மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்குக் கம்பெனிகளே விலை வெச்சுக்கலாம்னு விட்டாங்க. யூரியாவை மட்டும் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். கையில் காசு குறைவாக இருக்கிறவன் எதை வாங்குவான்? இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது டெல்லி. மானியம் உங்க வரிப்பணமும்தான்.

தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கருகருன்னு தெரியும், பார்க்க அழகு. அப்புறம் புகையான் வரும், இலைச்சுருட்டுப் புழு வரும், குலைநோய் வரும், கதிர் முத்தறப்ப சாயும். அதுக்கு மருந்தடிக்கணும். நீங்க பயப்படற விஷம் பாதி இந்த வழியாத்தான் வருது.

இதுக்குத் தீர்வு மண் பரிசோதனைதான், சந்தேகமே இல்லை. சென்னிமலையைச் சுற்றியே பாருங்கள். கீழ்பவானி வாய்க்கால் கசிவுநீர் தேங்கும் பள்ளத்து வயல் ஒரு மாதிரி, மேட்டுச் செம்மண் ஒரு மாதிரி. நொய்யல் பக்கம் போனால், திருப்பூர் சாயக்கழிவு வந்து தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பகுதியில் உப்பு ஏறின மண். மூணுக்கும் ஒரே சிபாரிசுன்னா, காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற கதைதான்.

2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டம் வந்தது. கார அமிலத்தன்மை, உப்பு, துத்தநாகம் என்று 12 அளவுகள் அட்டையில் இருக்கும். நல்ல திட்டம். ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று வகுத்தார்கள். அதாவது ஆறேகால் ஏக்கர். எங்க பக்கம் அதுக்குள்ள மூணு நாலு பேரோட வயல் இருக்கும். ஒருத்தர் ஆட்டுப்பட்டி போடுவார், ஒருத்தர் எருவையே காட்டமாட்டார். எல்லாருக்கும் ஒரே அட்டை. பக்கத்து வீட்டுக்காரர் ரத்தத்தை எடுத்து உங்க சர்க்கரை அளவைச் சொன்னா ஒத்துக்குவீங்களா?

எங்க ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வாய்க்காலில் தண்ணி வரும். சித்திரை, வைகாசியில் வயல் காஞ்சு கிடக்கிறப்பவே மண் எடுத்துடணும். வரப்பு, மரத்தடி, எருக்குப்பை விட்டு, 10, 15 இடத்தில் 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டிச் சுரண்டணும். கலந்து, நாலாகப் பிரிச்சு, எதிரெதிர் பாகத்தைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோவுக்குக் கொண்டு வரணும். அரை நாள் வேலை. நட்ட பிறகு இலை வண்ண அட்டையை வெச்சுப் பார்த்து யூரியா போடணும். அட்டை எப்ப வரும்னு காத்திருக்கத் தேவையில்லை.

நகரத்து நண்பர்களே, உங்க தட்டுச் சோறு சுத்தமா வேணும்னா எங்களோட சேர்ந்து மூணைக் கேளுங்க. வயலுக்கு ஒரு மாதிரி எடுக்கணும். நாத்து விடறதுக்கு முன்னாடி முடிவு கைக்கு வரணும். யூரியாவுக்குப் போற மானியத்தில் ஒரு பங்கைப் பொட்டாஷ் பக்கம் திருப்பணும். பொட்டாஷ் போடச் சொல்லி அட்டையில் அச்சடிச்சுட்டு, கடையில் யூரியாவை மட்டும் மலிவா வெச்சிருந்தா எவன் கேப்பான்?