சங்குப்பூச் சாறு உவரைக் காட்டுமா?

பள்ளியில் சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்து நிறம் மாறுவதைப் பார்த்து வந்த மகள், "நம்ம மண்ணையும் இதுல பார்க்கலாமாப்பா?" என்றாளாம். கரிசலில் அங்கங்கே பயிர் கருகுவதால் ஜிப்சம் வாங்க நினைத்திருக்கும் கயத்தாறு வாசகர், அதையே கேள்வியாக அனுப்பியிருக்கிறார்.

களரைப் பற்றி ஓரளவு தெரியும். உவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. சங்குப்பூவின் நீலம் புளிப்பில் ஊதாவாகும், காரத்தில் பச்சையாகும். ஆனால் அதில் சமையல் உப்பைக் கரைத்தால் நீலம் அப்படியே நிற்கும். உவர் நிலத்தின் சிக்கலே உப்புதான். அதற்கு ஜிப்சமும் உதவாது. மழைநீரைத் தேக்கி உப்பை வடிக்க வேண்டும்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் இயல்பாகவே சுண்ணாம்பு உண்டு. பி.ஹெச். 8-ஐ ஒட்டியே இருக்கும். நல்ல மண்ணும் சாற்றைப் பச்சைப் பக்கம் இழுக்கும். அதை நம்பி ஜிப்சம் வாங்கினால் காசுதான் கரியாகும். 8.5-ஐத் தாண்டினால்தான் களர்.

இதற்கு மஞ்சள் தேவலை. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே குணம். ஒரு பங்கு மண்ணை இரண்டு பங்கு மழைநீரில் கலக்கி இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மஞ்சள் தடவிக் காயவைத்த தாளில் விடலாம். போர் தண்ணீர் கூடாது. அதுவே காரமாக இருக்கக்கூடும். தாள் நன்றாகச் சிவந்தால் களர் என்று சந்தேகப்படலாம். மறுநாளும் கலங்கலாகவே நின்றால் அதுவும் ஓர் அறிகுறி.

எத்தனை மூட்டை ஜிப்சம் என்பதை எந்தச் சாயமும் சொல்லாது. விதைப்புக்கு முன்பே கோவில்பட்டி மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்து பி.ஹெச்., உப்பின் அளவு, ஜிப்சம் தேவை மூன்றையும் கேட்டு வாங்குவது நல்லது. கருகிய இடத்து மண்ணும் நல்ல இடத்து மண்ணும் தனித்தனிப் பையில் இருக்கட்டும்.