வாயிற்காவல் போதுமா?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் கொல்லிமலைச் சோளக்காட்டை அடையலாம். வல்வில் ஓரி ஆண்ட அம்மலை இயற்கையே அமைத்த அரண். ஆயினும், இத்துணைக் கடும்வழி ஏறி வந்தார் என்பதற்காகச் சோளக்காட்டுச் சந்தையில் எவர் மிளகையும் நிறுக்காமல் வாங்குவாரில்லை. ஆண்டுக்கணக்கிற் பழகியவர் மூட்டையும் தராசில் ஏறியே தீரும். விற்பவர் அதனை இகழ்ச்சியாகக் கொள்வதுமில்லை.

பெருநிறுவனங்களோ நெடுங்காலம் இதற்கு மாறாக நடந்தன. தம் கணிப்பொறி வலைப்பின்னலைச் சுற்றி மதிலெழுப்பி, வாயிலில் மட்டும் காவல் வைத்தன. வாயிலைக் கடந்தவர் எவ்வறையிலும் புகலாம். அவரை மீண்டும் வினவுவார் இல்லை.

இதன் விளைவைத் தமிழ்நாடே கண்டதுண்டு. கும்பகோணத்தில் 1904ஆம் ஆண்டு தோன்றிய சிட்டி யூனியன் வங்கியின் கணிப்பொறிகளுள் 2018 பிப்ரவரியில் கள்வர் புகுந்தனர். நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியே மூன்று பொய்யாணைகளை விடுத்தனர். தொகை ஏறக்குறைய 20 இலட்சம் டாலர். ஆணைகளுக்குரிய சான்றை அச்சிட வேண்டிய பொறியும் முடங்கியிருந்தது. மறுநாட் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் களவு வெளிப்பட்டது. ஒரு பகுதி உடனே தடுக்கப்பட்டது என்பது ஆறுதல். கதவுடைக்கும் ஓசையோ கன்னமிட்ட சுவரோ இல்லை. ஆணை உள்ளிருந்து வந்தது; ஆதலின் அது மெய்யெனக் கொள்ளப்பட்டது!

இக்குறைக்கு மருந்தாக, 2010ஆம் ஆண்டு ஜான் கிண்டர்வாக் என்னும் அமெரிக்கர் ஒரு நெறியை முன்வைத்தார். ‘ஜீரோ டிரஸ்ட்’ என்பது அதன் பெயர். இடம் நோக்கி எவரையும் நம்பாமை என்பது அதன் கருத்து. உள்ளிருப்பவராயினும், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கேட்பவர் யார், எக்கருவியிலிருந்து கேட்கிறார், அப்பொருள் அவர் பணிக்கு வேண்டியதா என ஆராய்ந்தே கதவு திறக்கும். திறப்பதும் அவ்வறை ஒன்றே. அறைகளைப் பிரித்து வைப்பதன் பயன் பெரிது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாக வலைப்பின்னலில் தீநிரல் காணப்பட்டபோது, உலையை இயக்கும் அமைப்புத் தனித்திருந்தமையால் தீங்கு நேரவில்லை என்று அணுமின் கழகம் அறிவித்தது.

‘உண்மையாய் உழைப்பவரை ஐயுறுவது அறமாகுமா?’ என்பர் சிலர். நன்று. ஆனால், இங்கு ஐயுறப்படுவது மனிதர் அல்லர். அவர் பெயரால் வரும் கடவுச்சொல். அதனைத் திருடியவனும் அவர் பெயரையே சொல்வான் அன்றோ? தெரிந்துதெளிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், உட்பகைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

எனினும் இச்சோதனையின் சுமை எவர் தோளில் ஏறுகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். நியாயவிலைக் கடையில், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காமையால் முதியோர் நெடுநேரம் நிற்பதுண்டு. ஐந்து கிலோ அரிசிக்கு இத்துணை ஆராய்ச்சி. கோடிக்கணக்கான பணத்தை அனுப்பும் அறைக்கோ ஒரே கடவுச்சொல் என்றிருப்பது முறையன்று. நிறுவனங்கள் இந்நெறியைக் கடைநிலை ஊழியரிடமிருந்து தொடங்குவது எளிது. ஆதலின் பல அவ்வாறே தொடங்கும். தொடங்க வேண்டிய இடம் தலைமை அலுவலரின் மேசை. எல்லாக் கதவுகளுக்கும் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது.