வீட்டுச் சாமியும் ஊர்ச் சாமியும்

ஆடி பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஒலிபெருக்கிக்கு ஓய்வு கிடையாது. ஊருக்கு ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள், கூழ் ஊற்றுகிறார்கள். கூடவே தாலுகா அலுவலகங்களில் இன்னொரு சடங்கும் நடக்கும். அதற்குப் பெயர் அமைதிப் பேச்சுவார்த்தை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பேச்சுவார்த்தையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எங்களிடமும் திருவிழா வரி வாங்க வேண்டும், சாமி எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எதிர்த்தரப்புப் பெரியவர் ஒருவர் சாவகாசமாகச் சொன்னார்: "சாமி எங்கதான் இல்ல? அவங்கவங்க வீட்லயே கும்புட்டுக்க வேண்டியதுதான?" அங்கிருந்த அதிகாரியும் தலையாட்டினார். கூட்டம் முடிந்துவிட்டது.

வீட்டில் சாமி கும்பிட எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் அம்மா ஆடி வெள்ளிக்கு முதல்நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார். மறுநாள் நொய்யை வேகவைத்து, அதில் மாவை ஊற்றிக் கட்டிதட்டாமல் கிண்டுவார். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். நடுவீட்டில் மஞ்சள் பூசிய செம்பு, அதன் வாயில் வேப்பிலை, பக்கத்தில் ஒரு புதுச்சேலை, வளையல், பூ. அதுதான் பூவாடைக்காரி. எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி வேறு யாருமில்லை, என் அப்பாவின் அத்தை. தலைப்பிரசவத்தில் செத்துப்போனவர். போகும் வழியில் வண்டியிலேயே உயிர் போய்விட்டது என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் அழும். மருத்துவமனை பார்க்காமல் செத்த ஒரு பெண்ணை, குடும்பம் மறக்காமல் வைத்துக்கொண்ட வழி இது. பூசாரி இல்லை, மந்திரம் இல்லை. படைத்து முடித்ததும் அந்தச் சேலையை வீட்டுப் பெண் யாராவது உடுத்திக்கொள்ள வேண்டும். போன ஆண்டு என் மகள் உடுத்தினாள்.

இதற்கு எங்கள் தோழர்களிடமிருந்தே எனக்குத் திட்டு வருவதுண்டு. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் எடுத்த 22 உறுதிமொழிகளைப் படித்துவிட்டு, வீட்டில் செம்புக்குச் சூடம் காட்டலாமா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் சூடம் காட்டுவதில்லை. ஆனால் காட்டுகிற அம்மாவைத் தடுப்பதும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய தமது பத்திரிகை வழியாக, நம் மக்களின் பண்டிகைகளையெல்லாம் பௌத்தக் கண்கொண்டு விளக்கினார். அம்மன் என்பவள் அம்பிகை என்ற பௌத்தத் துறவி என்றும் எழுதினார். தமிழ் படித்தவன் என்ற முறையில் அதை அப்படியே வரலாறு என்று ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் அம்மனைக் கும்பிடுகிறவளைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. 'இவள் உன்னவள், எப்படி உன் கைவிட்டுப் போனாள் என்று யோசி' என்றுதான் கேட்டார். அது முக்கியம்.

மாரியம்மன் கதையும் அதையேதான் சொல்கிறது. பரசுராமன் தாயின் தலையை வெட்டும்போது, அவளுக்கு அடைக்கலம் கொடுத்த சேரிப்பெண்ணின் தலையும் உருண்டது. உயிர்ப்பிக்கையில் தலையும் உடலும் மாறிப்போயின. ரேணுகாவின் தலை, சேரிப்பெண்ணின் உடல். அவளே மாரி என்பது நம் பக்கத்தில் பாட்டிகள் சொல்லும் கதை. பல கோயில்களில் தலையை மட்டும் வைத்துப் பூசை செய்கிறார்கள். உடல் எங்கே போனது என்று எந்தத் தர்மகர்த்தாவும் சொன்னதில்லை.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குத் திங்களும் வெள்ளியும் போய்ப் பாருங்கள். வாரத்தில் அந்த நாட்களில்தான் நடை திறக்கும். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பேருந்து பேருந்தாக இறங்கும் கூட்டம் மாவிடித்து, மாவிளக்குப் போடும். என் அம்மா அங்கே யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்கார்ந்து விளக்கேற்றியிருக்கிறார். யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் சாதி போய்விட்டது என்பதல்ல. அங்கே அம்மாவை யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். அதே மாவிளக்கைச் சொந்த ஊர் மாரியம்மனுக்கு எடுத்துப்போனால் வாசலிலேயே கதை வேறாகிவிடுகிறது.

சட்டம் இல்லையா என்றால் நிறைய இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரும் கக்கன் உள்ளிட்டோரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். 1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், கோயிலுக்குள் நுழைவதைத் தடுப்பதை மட்டுமல்ல, சாமி ஊர்வலத்தில் கலந்துகொள்வதைத் தடுப்பதையும் குற்றம் என்கிறது. இருந்தும் 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். தலித்துகள் உள்ளே வருவதைவிட அம்மன் பூட்டிய கதவுக்குள் இருப்பது பரவாயில்லை என்றாகிவிட்டது. நம் அரியலூர் மாவட்டத்திலேயே, உடையார்பாளையம் வட்டம் புதுக்குடி அய்யனார் கோயிலுக்காக 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது, தடுத்தால் நடவடிக்கை எடுங்கள் என்று காவல் கண்காணிப்பாளருக்கும் கோட்டாட்சியருக்கும் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார்.

'வீட்டிலேயே கும்பிடு' என்ற பேச்சில் நான் காணும் சூது இதுதான். வீட்டில் கும்பிடுவது எங்கள் விருப்பம். ஊர்க்கோயில் எங்கள் உரிமை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்கப் பார்க்கிறார்கள். கோயில் என்றால் கற்பூரம் மட்டுமல்ல; கோயில் நிலம், குளம், மரங்களின் ஏலம், திருவிழாக் கடைகள், ஊர்க்கூட்டம் எல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. தலைக்கட்டு வரி கொடுத்தவனுக்குத்தான் அந்தக் கூட்டத்தில் வாய் உண்டு. ஆகவேதான் எங்கள் காசு வேண்டாம் என்கிறார்கள். சாமி புறப்பாட்டுக்குப் பறை அடிக்க மட்டும் ஆள் அனுப்பச் சொல்கிறார்கள். அடிக்கும் பறை தெருமுனை வரை எங்களுடையது, அதற்குப் பிறகு ஊருடையது.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. திருவிழா நாளன்று கோயில் வாசலில் போய் நின்று அடிதடியில் மாட்டிக்கொள்ள வேண்டாம். வழக்கு விழுவது உங்கள் மேல்தான், படிப்பு போவதும் உங்களுக்குத்தான். காப்புக் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் மனுக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள். ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. கூடியதா, உங்கள் ஊர்ப் பிரச்சினை பேசப்பட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

அந்தப் பேச்சுவார்த்தை முடிந்த அன்று, நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். கூழ்ப்பானையைக் கிண்டிக்கொண்டே கேட்டார்: "அவங்க வூட்ல சாமி இல்லையாமா? அப்புறம் எதுக்குக் கோயிலு கட்டி வெச்சிருக்காங்க?"