சும்மா தும்மல்தானேன்னு சொல்றவங்களுக்கு...

மே மாசம் வந்தா போதும், இங்கிலாந்துல நம்மாளுங்க வீடுகள்ல ஒரே வசனம்தான். "தும்மல்தானே? ஒரு மாத்திரையைப் போட்டுட்டுப் போய் பரீட்சை எழுது!" கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது மக்களே.

இந்த ஹே ஃபீவர் ஜலதோஷமும் இல்லை, பேர்ல இருக்குற மாதிரி காய்ச்சலும் இல்லை. மகரந்தம் மூக்குல பட்டதும் உடம்பு பண்ற கலாட்டா. அங்கே பெரும்பாலானவங்களுக்கு வில்லன், புல்லோட மகரந்தம். அது பறக்குறது மே நடுவுலேர்ந்து ஜூலை வரை. ஜிசிஎஸ்இ, ஏ லெவல் பரீட்சை நடக்குறது எப்போ? அதே மே, ஜூன்ல. யாரு பார்த்து வச்ச முகூர்த்தமோ!

2007-ல ஒரு ஆய்வு வந்துச்சு. பிரிட்டன்ல 15 முதல் 17 வயசு வரை 1,834 மாணவர்கள். குளிர்கால மாதிரித் தேர்வுல வாங்கின கிரேடையும் கோடைப் பரீட்சை கிரேடையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. பரீட்சை அன்னைக்கு ஹே ஃபீவர் தொல்லை இருந்தவங்களுக்கு கிரேடு இறங்குற வாய்ப்பு சுமார் 40 சதவீதம் அதிகம். அதுலயும் தூக்கம் வரவைக்கிற மாத்திரை போட்டவங்களுக்கு? 70 சதவீதம்!

ஆக, நாம பாசமா எடுத்துக் கொடுக்குற மாத்திரையே பிள்ளைக்கு ஆப்பு வைக்கலாம். குளோர்பெனிரமைன் மாதிரி பழைய ரகம் மூளை வரைக்கும் போய் சொக்க வைக்கும். லொராடடின், ஃபெக்ஸோஃபெனடின் மாதிரி புது ரகத்துல அந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. மூக்கடைப்பு ஜாஸ்தின்னா மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே இருக்கு. "ஸ்டீராய்டா, ஐயையோ"ன்னு அலறாதீங்க. மூக்குல அடிக்கிறதுல உடம்புக்குள்ள போறது கொஞ்சம்தான். ஆனா அது முழுசா வேலை செய்ய ரெண்டு வாரம்கூட ஆகும். அதனால ஏப்ரல் கடைசியிலேயே ஆரம்பிக்கணும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஸ்ப்ரே அடிக்கிறதும், முந்தின ராத்திரி புத்தகத்தைத் திறக்குறதும் ஒண்ணுதான் :-)

பள்ளிக்கூடக்காரங்களையும் கேக்குறேன். பரீட்சை நேரத்துல ஹாலுக்கு வெளிய புல்லு வெட்டாம இருந்தா குடியா முழுகிடும்? மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்குற பையனை ஜன்னலை விட்டுத் தள்ளி உக்கார வச்சாத்தான் என்ன?

வருஷம் பூரா ட்யூஷனுக்குக் கொட்டி அழறோம். ரெண்டு வாரம் முன்னாடி மருந்துக் கடைப் பக்கம் எட்டிப் பார்க்க மட்டும் நேரமில்லை. அப்புறம் ரிசல்ட் வந்ததும் "பையன் சரியா படிக்கலை"ன்னு திட்டு வேற. போங்கய்யா!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆஸ்துமா இருந்தாலோ வேற மருந்து சாப்பிட்டாலோ டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க.